எங்கே கொண்டுபோய் விடுவது? போதையிலிருந்து மீள யாழ்ப்பாணத்தில் இருக்கிற வழிகள், ஓர் ஒப்பீடு

இருட்டின பிறகுதான் வருவார்கள். படலையடியில் நின்று மெதுவாக இருமுவார்கள். உள்ளே வரச் சொன்னால், "இல்லை, சும்மா இதால போனனான்" என்பார்கள். கால்மணி நேரம் வெங்காய விலையும் மழையும் கதைத்து முடிந்த பிறகு கேள்வி வரும்: "உங்கட தம்பியை அப்ப எங்க கொண்டுபோய் விட்டனீங்கள்?"

என் தம்பி பதினான்கு வருடம் குடித்தவன். இப்போது தொடுவதில்லை, ஆறாவது வருடம் ஓடுகிறது. நடுவில் நாங்கள் மூன்று வழிகளை முயன்றோம். முதல் வழியில் அவன் மயிரிழையில் உயிர் தப்பினான். இரண்டாவதில் காசு போனது. மூன்றாவது சரிவந்தது. நான் வைத்தியனோ உளவளத்துணையாளனோ இல்லை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஆள். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு வழிக்கும் வரவு செலவு போட்டு வைத்திருக்கிறேன். கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்வதை விட எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

## இடத்தைப் பார்க்க முதல் பார்க்கவேண்டியவை

"எங்கே" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இது: என்ன எடுக்கிறார், கடைசியாக எப்போது எடுத்தார்? பதில் தெரியாமல் வழி சொல்ல முடியாது. எல்லாப் போதையும் ஒரே மாதிரி விட்டுப் போவதில்லை.

சாராயமோ கசிப்போ கள்ளோ, நாள்தோறும் காலையிலேயே தொடங்குகிறவர் திடீரென நிறுத்தினால் ஆறு மணி நேரம் போனதும் கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், உடம்பு கொதிக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். ஊரில் பலருக்கு இது தெரியாது. "தூள்தான் ஆபத்து, குடி விட்டா என்ன?" என்பார்கள். நிறுத்தும் நாட்களைப் பொறுத்தவரை கதை மற்றப் பக்கம்.

தூள் என்கிற ஹெரோயினை நிறுத்தினால் எட்டு, பன்னிரண்டு மணி நேரத்தில் உடம்பு முறியத் தொடங்கும். வயிற்றோட்டம், வாந்தி, எலும்பு நோவு, நித்திரையே இல்லை. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு கிழமையில் அடங்கும். பார்க்கச் சகிக்காது. ஆனால் வேறு நோயில்லாத பெடியன் அதனால் இறப்பது அரிது. ஆபத்து பிறகுதான் இருக்கிறது. சில கிழமை எடுக்காமல் இருந்த உடம்பு பழைய தாக்குப்பிடிக்கும் சக்தியை இழந்துவிடும். அந்த நிலையில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். ஆகவே எங்காவது இரண்டு மாதம் இருந்துவிட்டு வீடு திரும்பும் முதல் சில கிழமைதான் மிகக் கவனமாக இருக்கவேண்டிய காலம். இதை எந்த நிலையமும் விளம்பரத்தில் போடாது.

ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின் எடுத்தவர் நிறுத்தியதும் நாள்கணக்கில் நித்திரை கொள்வார். பிறகு மனம் அடியோடு சோர்ந்துபோகும், சாகும் எண்ணம் வரலாம். சிலருக்கு யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகம், காதில் குரல். ஐஸுக்கென்று நிரூபணமான மாற்று மருந்து இல்லை, குணங்குறிக்குத்தான் மருந்து. பிரிகபலின் குளிசை நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படுவது. அதைப் போதைக்காக விழுங்குகிறவர் திடீரென விட்டாலும் வலிப்பு வரலாம். வைத்தியர் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும். கஞ்சாவும், மாவா என்கிற பாக்கு புகையிலைக் கலவையும் நிறுத்தும்போது எரிச்சலும் நித்திரையின்மையும் தரும், அவ்வளவுதான்.

உயிராபத்துக்கு அடுத்து நான் பார்ப்பது அவருடைய சம்மதம். பிறகு மொழி: நெஞ்சில் இருப்பதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லச் சொன்னால் எங்கள் ஆக்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? பிறகு காசு, அதிலும் பற்றுச்சீட்டு வராத காசு. பிறகு, திரும்பி வரும் நாளில் அவரை எதிர்கொள்ளப்போவது யார். கடைசியாக மானம். மானத்தை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். பெரும்பாலான வீடுகளில் அதுதான் முதலில் நிற்கிறது, அதனாலேயே தவறான வழி தெரிவாகிறது.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | கண்ணுக்குத் தெரியும் செலவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| வீட்டிலேயே நிறுத்துதல் | கஞ்சா, மாவா. காலை நடுக்கம் இல்லாத குடி | ஒன்றுமில்லை | இரவு பகல் காவல். குடியென்றால் உயிராபத்து |
| அரசாங்க வைத்தியசாலை | நாள்தோறும் குடி, பிரிகபலின், குரல் கேட்கும் நிலை | இலவசம் | துணைக்கு நிற்பவரின் சம்பளம், கிளினிக் நாட்கள் |
| தங்கும் நிலையம் | சம்மதம் உள்ளவர், வீட்டுச் சூழல் மோசமானவர் | இடத்தைப் பொறுத்தது | மொழி, தூரம், திரும்பி வந்தபின் வெறுமை |
| கட்டாயப் புனர்வாழ்வு | வேறு எதுவும் கைகொடுக்காதபோது | சட்டத்தரணி | நம்பிக்கை முறிவு, அங்கே கிடைக்கும் சகவாசம் |
| உளவளத்துணை, குழு | உடம்பு தேறியபின் எல்லோருக்கும் | பஸ் காசு | ஒரு வருடத்து மாலைநேரங்கள் |
| குடும்பம் மட்டும் தொடங்குதல் | அவர் வரமாட்டேன் என்றால் | ஒன்றுமில்லை | பொறுமை, ஊர்ப்பேச்சு |

## வீட்டிலேயே நிறுத்துதல்

எங்கள் முதல் வழி இதுதான். 2017 தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, தம்பியைப் பின்னறையில் விட்டுப் பூட்டினோம். ஆச்சி பால்கஞ்சி வைத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் பின்னேரம் வலிப்பு. 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கூப்பிடும் அம்புலன்ஸ் அப்போது வடக்குக்கு வந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். "இன்னும் ஒரு இரவு வைச்சிருந்தா சவம்தான்" என்று வாட்டில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். இப்போது 1990 இருக்கிறது, இலவசம். வலிப்பு, புத்தித் தடுமாற்றம், மூச்சு மந்தம் என்றால் யோசிக்காமல் எடுங்கள்.

வேறொரு பழக்கமும் இருக்கிறது. நடுக்கத்தோடு இருப்பவருக்கு எங்காவது ஒரு சேலைன் ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவருவது. நெடுங்காலம் குடித்தவர் உடம்பில் உயிர்ச்சத்து பி1 குறைந்துபோயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். முதலில் பி1 கொடுக்க வைத்தியருக்குத் தெரியும், ஆனால் ஆள் குடிகாரர் என்று சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? மானத்துக்காகக் "காய்ச்சல்" என்று சொல்லிக் கூட்டிப்போகிறார்கள்.

குடியை விடவைக்கும் என்று சாப்பாட்டில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்துத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. சிலவற்றில் டைசல்பிராம் என்ற மருந்து இருக்கலாம். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு இடித்து, இரத்த அழுத்தம் விழுந்து, ஆளே போய்விடலாம். அந்த மருந்து நல்ல மருந்துதான், குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, வைத்தியர் பார்த்துக் கொடுத்தால்.

வீட்டில் நிறுத்துவது கூடாது என்று நான் சொல்லவில்லை. சனி ஞாயிறு மட்டும் குடிக்கிறவர், கஞ்சா அடிக்கிற பெடியன், வைத்தியர் பார்த்துவிட்டு "மருந்தோடு வீட்டில் இருக்கலாம்" என்று சொன்னவர், இவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்: பத்து நாள் இரவு பகல் கூட நிற்பது யார்? பதில் எப்போதும் "மனுசி" என்றால், அவருக்கு எத்தனை நாள் சம்பளம் போகும், பிள்ளைகள் அந்தப் பத்து நாளும் எங்கே நித்திரை கொள்ளும்?

## அரசாங்க வைத்தியசாலை

யாழ் நகரில் போதனா வைத்தியசாலை, காங்கேசன்துறை வீதியில் மேலே போனால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. இரண்டிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. தமிழிலேயே கதைக்கலாம், கட்டணம் இல்லை. நாள்தோறும் குடிக்கிறவருக்கும் பிரிகபலின் விழுங்குகிறவருக்கும் முதல் படி இதுதான் என்பது என் தீர்மானமான எண்ணம். அங்கே செய்வதும் விளங்காத வித்தையில்லை. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்தை முதலில் தேவையான அளவுக்குக் கொடுத்துப் பிறகு நாளுக்கு நாள் குறைப்பார்கள், பி1 கொடுப்பார்கள், கண்காணிப்பார்கள். எடுத்த அளவை உள்ளபடி சொல்லுங்கள். அரைப் போத்தலைக் காற்போத்தல் என்று சொன்னால் மருந்தும் அந்தக் கணக்கில்தான் வரும்.

மறைந்திருக்கும் செலவு துணைக்கு நிற்பவரிடம் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிற அண்ணன் ஒரு கிழமை நின்றால் ஒரு கிழமைச் சம்பளம் போச்சு. பிறகு கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் ஒரு காலைப்பொழுது. இதையெல்லாம் தாங்கலாம். தாங்க முடியாத செலவு ஒன்று இருக்கிறது: ஆள் தெளிந்து, சவரம் செய்து, வெள்ளைச் சேட்டோடு வீட்டுக்கு வந்ததும் "சரி, சுகமாயிட்டுது" என்று எல்லோரும் நினைப்பது. கிணற்றை இறைத்துவிட்டு ஊற்று வற்றிப்போச்சு என்று நம்புகிற மாதிரி. வைத்தியசாலை இறைத்துத் தரும், ஊற்றுக்கு வேறு வேலை செய்யவேண்டும்.

"மனநோய் வாட்டில விட்டவை எண்டு சனம் கதைக்கும்" என்பதற்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். தவறணை வாசலில் வேட்டி அவிழ்ந்து கிடந்ததைச் சனம் பார்க்கவில்லையா?

## தங்கியிருந்து சிகிச்சை பெறும் நிலையங்கள்

இதில் மூன்று வகை உண்டு, மூன்றையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம்.

அரசின் பக்கத்தில் 1984இல் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை இருக்கிறது. தலங்கம, கண்டி, காலி போன்ற இடங்களில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களை நடத்துகிறது. 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். எங்களுக்கு அவை எல்லாமே தூரம். அந்தத் தூரம் சிலருக்கு மருந்து, பழைய கூட்டாளிகள் மோட்டார் சைக்கிளில் வந்து மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டுப் போக முடியாது. மற்றவர்களுக்கு அதுவே தண்டனை. போக முதல் தமிழில் கதைக்கும் உளவளத்துணையாளர் அந்த நேரத்தில் அங்கே இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேளுங்கள். குழுவாக இருந்து கதைப்பதுதான் சிகிச்சையின் பாதி. அந்தப் பாதியில் மொழி விளங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மிச்சம் வெறும் விடுதிதான்.

இரண்டாவது வகை தனியாரும் சமயத்தவரும் நடத்தும் இடங்கள். எங்கள் இரண்டாவது வழி. கனடாவில் இருக்கிற அக்கா காசு அனுப்பினார், நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஓர் இடத்தில் விட்டோம். பெயர் வேண்டாம். மூன்று மாதக் காசை முன்கூட்டியே வாங்கினார்கள். முதல் மாதம் தொலைபேசியில் கதைக்க விடமாட்டோம் என்றார்கள், அது வழமையாக்கும் என்று நினைத்தோம். பத்தொன்பதாம் நாள் தம்பி சுவர் ஏறிக் குதித்து, லொறி ஒன்றில் ஏறி வீடு வந்து சேர்ந்தான். முதுகில் தழும்பு. அங்கே வைத்தியர் என்று யாரும் வந்ததே இல்லையாம். காசு திரும்பவில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு விலையும் கொடுத்தோம். அனுப்பியவர் பலனைக் கேட்பார்தானே. ஒவ்வொரு ஞாயிறும் அக்கா எடுத்து "அவ்வளவு அனுப்பினனே" என்பார், அம்மா அழுவார், தம்பி வெளியில் போய்விடுவான், எங்கே என்று சொல்லத் தேவையில்லை.

எல்லா இடமும் அப்படி இல்லை. நேர்மையாக நடத்துகிறவர்களையும் எனக்குத் தெரியும். பிரித்தறிய நான் கேட்கச் சொல்பவை: பதிவு இருக்கிறதா? வைத்தியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? முதல் கிழமை வலிப்பு வந்தால் எந்த வைத்தியசாலைக்கு? வீட்டார் எப்போது பார்க்கலாம்? இடையில் விலகினால் காசு? வெளியே வந்தபின் யார் தொடர்ந்து கதைப்பார்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறுகிற இடத்தில் விடவேண்டாம்.

மூன்றாவது, சென்னை. 2022 டிசம்பரில் பலாலி விமானம் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனை அங்கே நெடுங்காலமாக இந்த வேலையைத் தமிழிலேயே செய்துவருகிறது. மொழிக் கணக்கில் தென்னிலங்கையை விடச் சென்னை கிட்ட. ஆனால் விசா, கூட நிற்பவரின் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் சிகிச்சைக் காசைவிட மற்றக் காசு கூடிவிடும். திரும்பி வந்தபின் தொடர்ச்சியான கவனிப்பு கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். வசதியுள்ள, சம்மதமுள்ள, ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை இங்கே முயன்று பார்த்த ஆளுக்கு யோசிக்கலாம். முதல் முயற்சிக்கே விமானம் ஏறவேண்டாம்.

## நீதிமன்ற வழி

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவரை நீதவானின் உத்தரவின் பேரில் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப இடம் தருகிறது. "பொலிசில குடுத்தா திருந்துவான்" என்று பெற்றோரே சொல்லும் காலம் இது. களைத்துப்போன தாய் அப்படிச் சொன்னால் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் "புனர்வாழ்வு" என்ற சொல் எங்கள் பக்கத்தில் வெறும் சொல் இல்லை. 2009க்குப் பிறகு முன்னாள் போராளிகளை வைத்திருந்த அதே புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகத்தின் கீழ்தான் பொலன்னறுவை கந்தக்காடு நிலையமும் இயங்கியது. 2022 யூனில் அங்கே ஒருவர் இறந்ததை அடுத்துக் குழப்பம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். மகனை அங்கே அனுப்பலாமா என்று கேட்கும் தகப்பனுக்குள் இரண்டு பயம் ஒன்றாக ஓடுவது எனக்குத் தெரியும். செலவுக் கணக்கில் இன்னொன்றையும் எழுதுங்கள். கஞ்சாவுக்காகப் போன பெடியன் அங்கே ஐஸ் விற்கிறவனோடு சிநேகமாகித் திரும்பலாம். ஹெரோயின் எடுத்தவன் உடம்பு பழக்கம் விட்ட நிலையில், மனம் மாறாமல் வெளியே வருவான். முதலில் சொன்ன ஆபத்து அப்போதுதான்.

அடி உதை நடக்கிற வீடென்றால் கதை வேறு. அங்கே முதல் தேவை பாதுகாப்பு, சிகிச்சை பிறகு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அதைக் கேட்பது புருசனை மறியலுக்கு அனுப்புவது ஆகாது.

## உளவளத்துணையும் குழுவும்

ஊற்றை அடைக்கும் வேலை இங்கேதான் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் சாந்திகம் உளவளத்துணையில் பழுத்த அமைப்பு. போர்க்காலத்தில் நெஞ்சு உடைந்தவர்களோடு வேலைசெய்து வளர்ந்தது. எங்கள் பக்கத்துக் குடி பலவற்றின் அடியில் போரும் இழப்பும் கிடப்பதால் இது சின்ன விசயமில்லை. பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். காணி அலுவலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டும் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. நள்ளிரவில் மனம் கலங்கினால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

குடியை விட முயல்பவர்கள் ஒன்றுகூடிக் கதைக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் 1935இல் அமெரிக்காவில் தொடங்கின, இப்போது தமிழிலும் நடக்கின்றன. பெயர் சொல்லத் தேவையில்லை, சந்தா இல்லை. எல்லோருக்கும் ஒத்துவராது. தம்பிக்கு ஒத்துவரவில்லை, "சாமிக் கதை கூடிப்போச்சு" என்றான். அவனுக்கு உதவியது கிழமைக்கு ஒருமுறை உளவளத்துணையும், பின்னேரம் ஆறு மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போன கரப்பந்தாட்டமும்தான். தவறணைக்குப் போகும் நேரம் அது. அந்த ஒரு மணித்தியாலத்தை நிரப்பாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்பது எங்களுக்கு மூன்றாவது முயற்சியில்தான் விளங்கியது.

நாலாம் மாதம் ஒரு சாமத்தியவீட்டில் மறுபடி குடித்தான். வீடு செத்தவீடு மாதிரி ஆனது. சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதமானவர்கள் மீண்டும் ஒருமுறையாவது சறுக்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இரத்த அழுத்தக்காரரும் ஆஸ்துமாக்காரரும் மருந்தைக் கைவிட்டு நோய் திரும்பும் கணக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். அழுத்தம் ஏறினவரை யாரும் "நீ உருப்படமாட்டாய்" என்று ஏசுவதில்லை, திரும்பக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார்கள். நாங்களும் அதையே செய்தோம்.

## அவர் வரமாட்டேன் என்றால்

படலையடிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த நிலையில்தான் வருகிறார்கள். அவர்கள் கேட்காத வழி இதுதான், நான் அதிகம் நம்புவதும் இதைத்தான்.

அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் ஓர் ஆய்வு நடந்து 1999இல் வெளியானது. குடிக்கும் உறவினர் சிகிச்சைக்கு வர மறுக்கிறார் என்று வந்த 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு, உறவுகள் கூடி நேருக்கு நேர் வைத்துக் கேட்கும் முறை. எங்கள் ஊரில் மாமன் மச்சான் எல்லாம் விறாந்தையில் இருந்து விசாரிக்கிற மாதிரி. 100க்கு 30 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு, அவரை அவர்பாட்டில் விட்டுத் தன்னைத் தேற்றிக்கொள்ளும் அல்-அனான் முறை. 100க்கு 13 பேர். மூன்றாவதாக, கிராஃப்ட் என்ற பெயரில் ரொபேர்ட் மையர்ஸ் வளர்த்தெடுத்த முறை, குடும்பத்துக்கு நடந்துகொள்ளும் விதத்தைப் பழக்குவது. 100க்கு 64 பேர். அல்-அனானின் நோக்கமே அவரைக் கூட்டிவருவது இல்லை, ஆகவே 13 என்பதை அதன் தோல்வியாக எடுக்கக்கூடாது. வருகிறவரின் நித்திரையும் நிம்மதியும் திரும்பினால் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

எங்கள் மூன்றாவது வழி இதில்தான் தொடங்கியது, கிராஃப்ட் முறையை எங்கள் வீட்டுக் கதையில் சொல்கிறேன். தம்பி குடிக்காமல் வரும் பின்னேரம் அம்மா வடையும் பிளேன்ரீயும் வைத்துக்கொண்டு முன்விறாந்தையில் இருப்பார், பழசைக் கிண்டாமல் கதைப்பார். குடித்துவிட்டு வந்தால் சண்டை இல்லை, ஏச்சு இல்லை, கதையும் இல்லை. சாப்பாடு மூடிவைத்திருக்கும், அம்மா உள்ளே போய்விடுவார். வாந்தியை அம்மா கழுவவில்லை. இதைச் சொல்ல எவ்வளவு இலகு! மூன்றாம் நாள் இரவு அம்மா வாளியும் கையுமாக நின்றதை நான்தான் மறித்தேன்.

வேலைத்தலத்துக்கு எடுத்து "அவனுக்குக் காய்ச்சல்" என்று சொல்வதை நிறுத்தினோம். கடைக் கடனைக் கட்டுவதை நிறுத்தினோம். சப்பாத்து வேண்டுமென்றால் காசாகக் கொடுக்காமல் வாங்கிக் கொடுத்தோம். அக்காவிடம் கேட்டு, கனடாக் காசு அவன் பெயருக்கு வருவதை நிறுத்தினோம். அதற்குத்தான் ஆகக் கூடச் சண்டை பிடிக்கவேண்டி வந்தது, அவனோடு இல்லை, அக்காவோடு. அவருக்குக் காசு அனுப்புவதுதான் பாசம்.

பிறகு நேரம் பார்த்திருந்தோம். ஒரு காலை மோட்டார் சைக்கிள் எங்கே என்று தெரியாமல் எழும்பி, வெட்கப்பட்டுக் குந்தியிருந்தான். "தெல்லிப்பழைக்கு ஒருக்கா போயிட்டு வருவமோ?" என்று கேட்டேன். ஆட்டோக்காரரிடம் முதலே சொல்லி வைத்திருந்தேன். அந்த மனநிலை அரைமணி நேரம்தான் நிற்கும். அதற்குள் எங்கே, எப்படி என்று தேட வெளிக்கிட்டால் போச்சு.

அடிக்கிற ஆள் என்றால் இந்த முறையைத் தனியாகத் தொடங்கவேண்டாம். முதலில் உளவளத்துணையாளரோடு பாதுகாப்புக்கு ஒரு திட்டம் போடுங்கள்.

## கூட்டாளிமாருக்கு

உங்களுக்கு ஒரு பந்திதான். அவனுக்குப் புத்திமதி சொல்லாதேங்கோ, வீட்டில் நிறையக் கிடைக்கிறது. "ஒண்டு மட்டும் எடு மச்சான்" என்று சொல்லாமல் இருங்கள். கலியாணவீட்டுப் பின்வளவில் போத்தல் திறக்கும்போது அவனோடு முன்பக்கம் வந்து இருங்கள். பழகிய கூட்டத்தை முழுதாக விட்டவனுக்குப் பின்னேரம் மலை மாதிரி நிற்கும், ஒரு ஆளாவது சோடா குடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும்.

## வழி மாதிரித் தோன்றும் மூன்று

கலியாணம் கட்டிவைப்பது, வெளிநாட்டுக்கு அனுப்புவது, நேர்த்தி வைப்பது. முதலாவது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தலையில் கணக்கை எழுதுவது, நான் அதை எதிர்க்கிறேன். இரண்டாவதில், போகிற நாட்டில் காசும் தனிமையும் சேர்ந்து கிடைக்கும், குடிக்கு அதைவிட என்ன வேண்டும்? நேர்த்தி வைக்கலாம், தடையில்லை. அம்மா சந்நிதிக்கு வைத்தார். ஆனால் கிளினிக் திகதியையும் விடவில்லை.

போன கிழமையும் ஒருவர் வந்தார். அண்ணரைப் பற்றித்தான். என்ன எடுக்கிறார் என்று கேட்டேன். சாராயம், விடியவே வேணும், இல்லாவிட்டால் கோப்பை பிடிக்க ஏலாது என்றார். நாளைக்குக் குடியை மறிக்காமல், குடித்தபடியே தெல்லிப்பழைக்குக் கூட்டிப்போங்கள், இன்றிரவு பூட்டி வைக்கவேண்டாம் என்றேன். தலையாட்டினார். படலையைத் திறந்து வெளியே போனவர் திரும்பி நின்றார்.

"ஆட்டோவை ஒழுங்கை முகப்பில நிப்பாட்டச் சொல்லட்டோ? சனம் பாக்கும்."

"கை நடுங்கிற மனுசன் முகப்பு மட்டும் நடப்பாரோ?" என்றேன். "வாசலுக்கே வரட்டும்."